பழைய சேலம் ஜில்லாவும் பதினேழு வயசுப் பையனும்

பட்டணத்தில் இருந்து எங்க தோட்டத்துக்கு வருகிற நண்பர்கள் பெரும்பாலும் ரெண்டு கேள்வி கேட்பார்கள். முதலாவது, "இங்க கள்ளு கிடைக்குமா?" இல்லைங்க, இறக்கினால் கேஸ் போடுவாங்க என்று சொன்னதும் ரெண்டாவது கேள்வி வரும். "கள்ளைத் திறந்து விட்டுட்டா டாஸ்மாக் தன்னால ஒழிஞ்சுடும்ல? இயற்கையான பொருள்தானே?"

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. எங்க ஊர் பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. இன்றைக்கு சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நாலு மாவட்டமாக இருப்பது ஒரு காலத்தில் ஒரே ஜில்லா. இந்தியாவிலேயே மதுவிலக்கு என்ற சோதனையை ஒரு அரசாங்கம் முதன்முதலில் சட்டம் போட்டு நடத்திப் பார்த்த மண்ணில் இதுவும் ஒன்று. அதனால் இந்தக் கதையை எங்க ஊர்ப் பக்கம் இருந்தே சொல்கிறேன். கடைசியில் உங்கள் கேள்விக்கும் வருகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். குடி நேற்று வந்ததல்ல. தகடூரை ஆண்ட அதியமானும் ஔவையாரும் சேர்ந்து கள் அருந்தியதைச் சங்கப் பாட்டே சொல்கிறது. அந்தத் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே ஒதுக்கினார், 93ஆவது அதிகாரம். ஒரு பக்கம் பந்தியில் கள், இன்னொரு பக்கம் அது வேண்டாம் என்கிற குரல். ரெண்டாயிரம் வருசமாக ரெண்டும் கூடவே வருகின்றன.

கள் எப்படி உண்டாகிறது என்று பட்டணத்து வாசகர்கள் பலருக்குத் தெரியாது. பனையிலோ தென்னையிலோ பாளையைக் கட்டி, பதமாகத் தட்டி, நுனியைச் சீவி முட்டியைக் கட்டி விடுவார்கள். சொட்டுச் சொட்டாக இனிப்பு நீர் இறங்கும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது புளிக்காமல் தெளுவாகவே இருக்கும் (நீங்கள் பதநீர் என்று சொல்வதை நாங்கள் தெளுவு என்போம்). சுண்ணாம்பு தடவாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் இருக்கிற ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றிவிடும். சில மணி நேரத்திலேயே கள். பொதுவாக நூற்றுக்கு நாலில் இருந்து ஆறு பங்கு ஆல்கஹால். இன்னும் விட்டால் காடியாகப் புளித்துப் போகும். ஆக ஒரே மரம், ஒரே பாளை, ஒரே ஆள். தெளுவா கள்ளா என்பதை ஒரு விரல் சுண்ணாம்புதான் முடிவு செய்கிறது.

வெள்ளைக்காரன் இந்த முட்டிக்குள் வருமானத்தைப் பார்த்தான். சென்னை மாகாணத்துக்கு 1886இல் அப்காரி சட்டம் வந்தது. கள் இறக்குகிற மரத்துக்கு எண் போட்டு மரவரி, கள்ளுக்கடைக்கு ஏலம், சாராயத்துக்குத் தனிக் கட்டணம். ஏலம் எடுத்தவன் போட்ட காசை எடுக்க வேண்டும், அதனால் விற்பனையைக் கூட்டியே ஆக வேண்டும். ஊருக்குள் எப்போதாவது குடித்தது போய், தினசரிக் கடை என்று ஆனது இந்த ஏலமுறையில்தான் வேகம் பிடித்தது. மாகாண அரசாங்கத்துக்கு நிலவரிக்கு அடுத்தபடியான பெரிய வருமானம் கள்ளும் சாராயமும்தான். விவசாயி பகலில் கட்டின வரி நிலவரி, பொழுதோட கட்டின வரி அப்காரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அதை எதிர்த்த இயக்கமும் எங்க சுற்று வட்டாரத்தில்தான் சூடு பிடித்தது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். அப்போது காங்கிரசில் இருந்த பெரியார், சேலம் தாதம்பட்டியில் தனக்குச் சொந்தமான தோப்பில் 500க்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டச் சொன்னார். அவர் வீட்டுப் பெண்களான நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியலுக்குத் தலைமை தாங்கினார்கள். இதைப் படிக்கிறவர்களுக்கு அது ஒரு போராட்டச் செய்தி. எங்களுக்கு வேறு மாதிரி உறைக்கும். ஒரு தென்னை நின்று காய்க்க ஆறு ஏழு வருசம் தண்ணி கட்ட வேண்டும். காய்க்கிற 500 மரம் என்பது ஒரு குடும்பத்துக்கு ரெண்டு தலைமுறைச் சோறு. அதை வெட்டச் சொல்கிற மனசு சாமானியமானதல்ல. அதே நேரம் ஒரு விவசாயியாக, மரம் என்ன பாவம் செய்தது என்றும் கேட்கத் தோன்றுகிறது.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925இல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, அதோடு மதுவிலக்கு. அந்த ஆசிரமத்தில் இருந்து 1929இல் 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை வந்தது. முழுக்க மதுவிலக்குக்காகவே நடந்த பத்திரிகை. கல்கி கிருஷ்ணமூர்த்தி அதில் ராஜாஜிக்குத் துணையாக வேலை பார்த்தார். குடியால் என்ன ஆகிறது என்பதைக் கதையாகவும் படமாகவும் கிராமத்து ஆளுக்குப் புரிகிற மாதிரி எழுதினார்கள். பத்து இதழ்தான் வந்தது என்றாலும் அந்த ஆசிரமத்தில் கிடைத்த அனுபவம் பின்னால் சட்டமாக மாறியது.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது முதலமைச்சரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். அந்த வருசமே மதுவிலக்குச் சட்டம். மாகாணம் முழுக்க ஒரே நாளில் மூடவில்லை. ஒரு ஜில்லாவில் செய்து பார்ப்போம் என்று தன் சொந்த ஜில்லாவான சேலத்தை எடுத்தார். 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் மூடப்பட்டது. அடுத்து சித்தூர், கடப்பை, அப்புறம் வட ஆற்காடு.

இங்கேதான் ஆராய்ச்சி என்கிற விஷயம் வருகிறது. கடையை மூடியதோடு நிற்கவில்லை, மூடியதால் குடும்பங்களில் என்ன மாறியது என்று சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறை சேலம் ஜில்லாவில் ஆய்வு செய்தது. குடிக்குப் போன காசு எங்கே போகிறது, கடன் குறைந்ததா, சாப்பாட்டுக்கும் துணிக்கும் செலவு கூடியதா என்று வீட்டுக் கணக்கைப் பார்த்தார்கள். கூலிக் குடும்பங்களில் சாப்பாட்டுக்குப் போகிற காசு கூடியது தெரிந்தது. மரமேறிகளின் பிழைப்பு அடிபட்டதும் கூடவே தெரிந்தது. தெளுவு இறக்கி வெல்லம் காய்ச்சுங்கள் என்று அரசாங்கம் வழி சொன்னது. ஆனால் கள்ளில் கிடைத்த காசு வெல்லத்தில் கிடைக்கவில்லை. வெல்லம் காய்ச்ச விறகு வேண்டும், அடுப்படியில் வீட்டுப் பெண்கள் நாள் முழுக்க வேக வேண்டும். எங்க அப்பாரு இதைப் பற்றிப் பேசும்போது, "கடை மூடுனது நல்லதுதான், ஆனா மரமேறி வூட்டு அடுப்பும் சேர்ந்து மூடுச்சு" என்பார். ரெண்டும் உண்மை. மதுவிலக்கு வரலாற்றைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றை மட்டும்தான் சொல்கிறார்கள்.

வருமானம் போனதற்கு ராஜாஜி என்ன செய்தார்? 1939இல் பொது விற்பனை வரி என்று ஒன்றைக் கொண்டுவந்தார். இந்தியாவில் எல்லாப் பொருள் விற்பனைக்கும் பொதுவாகப் போட்ட முதல் விற்பனை வரி அதுதான். இன்றைக்கு நீங்கள் சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் கட்டுகிற வரிக்கு மூதாதை, சேலத்துக் கள்ளுக்கடையை மூடுவதற்காகப் பிறந்த வரி. குடிகாரனின் பாக்கெட்டில் மட்டும் கை விடாமல் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தால் அரசாங்கம் நடக்கும் என்பது அவர் கணக்கு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

1939 கடைசியில் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. உலக யுத்தம். கவர்னர் ஆட்சியில் மதுவிலக்கு கைவிடப்பட்டது. சுதந்திரம் வந்த பிறகு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. ஓமந்தூராரும் மண்ணில் இறங்கி விவசாயம் பார்த்த மனிதர்தான்.

1948இல் இருந்து 1971 வரை 23 வருசம். இதைச் சும்மா ஒரு எண்ணாகக் கடந்து போகக் கூடாது. 1948இல் பிறந்த குழந்தை 23 வயசு ஆகும்வரை தன் ஊரில் ஒரு சாராயக்கடை போர்டைப் பார்த்திருக்காது. ஒரு முழுத் தலைமுறை, பதின்ம வயசைத் திறந்த கடை இல்லாமல் கடந்தது. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கரட்டு ஓரத்திலும் ஓடையிலும் வெல்லத்தையும் வேலம்பட்டையையும் போட்டு ஊறல் வைத்தார்கள். வசதியானவர்கள் உடம்புக்கு முடியவில்லை என்று பெர்மிட் வாங்கிக் குடித்தார்கள். போலீசுக்கு மாமூல் போனது. ஆனால் கள்ளச்சாராயம் தேடிப் போக ஒரு துணிச்சலும் ஒரு வெட்கமும் வேண்டியிருந்தது. பதினைந்து வயசுப் பையனிடம் அந்தத் துணிச்சல் குறைவு, ஊரைப் பற்றிய பயம் அதிகம். அந்த வேலியைத் தாண்டியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

1971இல் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தள்ளி வைத்தது. புதிதாக மதுவிலக்கு கொண்டுவருகிற மாநிலங்களுக்கு மத்திய அரசு இழப்பீடு தருவதாகச் சொன்னது, ஏற்கெனவே கடைப்பிடித்து வருகிற தமிழ்நாட்டுக்கு இல்லை என்றது. இதையே காரணமாகக் கருணாநிதி சொன்னார். 90 வயசைத் தாண்டிய ராஜாஜி, வேண்டாம் என்று நேரில் போய்க் கேட்டுக்கொண்டார். நடக்கவில்லை. 1971 ஆகஸ்ட் 30 முதல் கடைகள் திறந்தன. 1973இல் கள்ளுக்கடைகளையும் 1974இல் சாராயக்கடைகளையும் அதே அரசு மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு மறுபடி திறந்தது. 1983இல் மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக் என்கிற அரசு நிறுவனம் வந்தது. 1987 ஜனவரியில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மறுபடி தடை, சீமைச் சரக்குக்கு மட்டும் அனுமதி. அப்புறம் மலிவு விலை மது வந்தது, 1991இல் ஜெயலலிதா அதை நிறுத்தினார். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது.

ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்று கவனித்துப் பாருங்கள். மூடும்போது முதலில் மூடப்பட்டது கள். திறக்கும்போது கடைசியில் நிலைத்து நின்றது பாட்டில். கள் கெட்டுப் போகும், தூரம் போகாது, ஊருக்கு ஊர் மரமேறியின் கையில் இருக்கும், வரி பிடிப்பது கடினம். பாட்டில் கெடாது, எண்ணலாம், லேபிள் ஒட்டலாம், லாரியில் ஏற்றலாம். அரசாங்கத்தின் கணக்கு நோட்டுக்குப் பாட்டில்தான் வசதி. மரமேறி தோற்றான், ஆலை ஜெயித்தது.

2003-04இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் சுமார் 3,600 கோடி. 2023-24இல் 45,000 கோடியைத் தாண்டியது. அந்தப் பணத்தில் சுமார் முக்கால் பங்கு எதில் வருகிறது தெரியுமா? விற்பனை வரியில். இன்றைக்கு அதன் பெயர் வாட். ஜி.எஸ்.டி.க்குள் மதுவைச் சேர்க்காமல் மாநிலங்கள் தங்களிடமே வைத்துக்கொண்டன. மது வருமானம் இல்லாமல் வாழ்வதற்காக 1939இல் கண்டுபிடித்த வரி, இன்றைக்கு மதுவில் இருந்து அதிகமாகக் கறக்கிற வரியாக நிற்கிறது. எங்க ஜில்லாவின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான இடம் எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் ரெண்டாவது கேள்விக்கு வருவோம். கள்ளா, பாட்டிலா?

ஒரு விவசாயக் கணக்குப் போடலாம். ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. அதில் 42.8 விழுக்காடு ஆல்கஹால். ஆக சுமார் 77 மில்லி சுத்தமான சாராயச் சத்து. நூற்றுக்கு ஐந்து பங்குள்ள கள்ளில் அதே அளவு உள்ளே போக வேண்டுமானால் ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும். ஒன்றரை லிட்டர் கள் வயிற்றை நிரப்பிவிடும், குடிக்க நேரம் ஆகும். குவாட்டரைப் பத்து நிமிசத்தில் முடித்துவிட்டு வண்டியை எடுக்கிறான். இந்தியாவில் கணக்கில் வருகிற மதுவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இந்த மாதிரி காட்டமான சரக்குதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த அளவில் கள்ளுக்காகப் பேசுகிறவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. மரமேறிகளுக்குப் பிழைப்பும் மரம் வைத்திருக்கிற எங்களுக்கு வருமானமும் வரும் என்பதும் நியாயம். மாநில மரம் என்று பனைக்குப் பட்டம் கட்டிவிட்டு, அதில் ஏறுகிறவன் மேல் கேஸ் போடுவது வேடிக்கைதான்.

ஆனால் கள் ஆரோக்கிய பானம் என்று சொல்லும்போது நான் ஒத்துப் போவதில்லை. சத்து வேண்டுமானால் தெளுவு குடிக்கலாம். கள்ளில் இருப்பதும் பாட்டிலில் இருப்பதும் ஒரே எத்தனால். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று 2023இல் அந்த நிறுவனம் தெளிவாகச் சொன்னது. ஈரலுக்குப் பனையும் தெரியாது, பாட்டிலும் தெரியாது.

இந்த 90 வருச வரலாறு முழுக்கக் கள்ளா சாராயமா, திறப்பதா மூடுவதா, வருமானமா தர்மமா என்றே பேசி வந்திருக்கிறோம். அதிகம் பேசாமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. ஒருத்தன் எந்த வயசில் ஆரம்பிக்கிறான்?

அமெரிக்காவில் 1990களில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கணக்கை வைத்து 1997இல் ஒரு ஆய்வு வந்தது. பதினைந்து வயசுக்கு முன்னால் குடிக்க ஆரம்பித்தவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகி இருந்தார்கள். இருபது வயசிலோ அதற்குப் பிறகோ ஆரம்பித்தவர்களில் அது சுமார் 10 விழுக்காடு. ஆரம்பிக்கிற வயசு ஒவ்வொரு வருசம் தள்ளிப் போகப் போக ஆபத்தும் படிப்படியாகக் குறைந்தது. சீக்கிரம் ஆரம்பிக்கிற பையனுக்கு வீட்டில் வேறு கஷ்டங்களும் இருந்திருக்கலாம், எல்லாப் பழியையும் வயசின் மேல் போட முடியாது என்பதும் நியாயமான வாதம். ஆனால் மூளையைப் பற்றித் தெரிந்ததும் இதோடு ஒத்துப் போகிறது. முன்யோசனை, அடக்கம், போதும் என்கிற புத்தி, இதெல்லாம் இருக்கிற முன்மூளை இருபத்தைந்து வயசுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. பால் பிடிக்கிற பயிரில் களைக்கொல்லி பட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். முற்றின பயிர் தாங்கும், பிஞ்சு தாங்காது.

அது அமெரிக்கா, நமக்கு எதற்கு என்பவர்களுக்கு கோவாவில் நடந்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். வடக்கு கோவாவில் ஆண்களிடம் எந்த வயசில் குடிக்க ஆரம்பித்தீர்கள் என்று கேட்டார்கள். 1956-60இல் பிறந்தவர்களில் பதின்ம வயசில் ஆரம்பித்தவர்கள் சுமார் 20 விழுக்காடு. 1981-85இல் பிறந்தவர்களில் சுமார் 74 விழுக்காடு. ஒரே ஊர், ஒரே பழக்கவழக்கம், இடையில் 25 வருசம். ஐந்தில் ஒருத்தன் என்றிருந்தது நாலில் மூணு பேர் என்று ஆகிவிட்டது. கோவாவில் எப்போதும் மது மலிவு, தமிழ்நாட்டு நிலவரம் வேறு. இருந்தாலும் எங்க ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் இந்தக் கணக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

எங்க அப்பாரு காலத்தில் குடிக்கிற ஆள் என்றால் மீசை நரைத்த ஆள். காட்டு வேலை முடித்து, உடம்பு வலிக்குதுன்னு போவார். என் வயசுக்காரர்களில் குடிக்கிறவர்கள் கல்யாணத்துக்கு அப்புறம், இல்லையென்றால் மாப்பிள்ளை விருந்தில் ஆரம்பித்தார்கள். இப்போது பத்தாவது ரிசல்ட் வந்த அன்றைக்கே ஏரிக்கரையில் பீர் பாட்டில். எங்க பக்கம் போர் போடுகிற ரிக் வண்டி அதிகம். பதினேழு பதினெட்டு வயசில் வண்டியேறி ஊர் ஊராகப் போகிறான்கள். கையில் காசு, கேட்க ஆள் இல்லை, உடம்பு முறிகிற வேலை, கூட இருக்கிற அண்ணன்கள் ஊற்றிக் கொடுக்கிறார்கள். நோம்பி நொடிக்கு ஊர் திரும்பும்போது பழக்கமும் கூடவே வருகிறது. கோயில் திருவிழாவில் ஆட்டம், சாவு வீட்டில் மேளம், இரண்டிலும் முன்னால் நிற்பது இந்தப் பையன்கள்தான். மறுநாள் காலையில் வரப்பில் கண்ணாடிச் சில்லு பொறுக்குவது எங்க வேலை. நடவுக்கு இறங்குகிற பெண்கள் காலைக் கிழித்துக்கொண்டு எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது.

டாஸ்மாக் விதிப்படி 21 வயசுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது. 2003ஆம் வருச விதியிலேயே இது இருக்கிறது. அமெரிக்க ஆய்வு சொல்கிற வயசுக்கு மிகவும் பக்கத்தில் நிற்கிற அருமையான விதி. கடைச் சுவரில் எழுதியும் இருக்கும். ஆனால் எங்க ஊர்ப் பக்கம் யாரிடமும் வயசுச் சான்று கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டாலும் பையன் வெளியே நின்று கொண்டு, வேறொரு ஆளிடம் காசைக் கொடுத்து வாங்கிக்கொள்வான். வாங்கிக் கொடுக்கிற ஆள் யார்? நம்மில் ஒருத்தர்தான். மாமன், சித்தப்பன், வேலைக்கு வைத்திருக்கிற முதலாளி.

கூலியோடு குவாட்டர் என்கிற பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேங்காய் போடும் நாள், கரும்பு வெட்டு, வீட்டுக்குக் கான்கிரீட் போடும் நாள், இதற்கெல்லாம் சம்பளத்தோடு பாட்டில் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. ஆள் கிடைக்காத காலத்தில் விவசாயி வேறு என்ன செய்வான் என்று கேட்பார்கள். ஆள் பஞ்சம் எனக்கும்தான். ஆனால் எங்க தோட்டத்தில் அந்தப் பழக்கத்தை அப்பா காலத்திலேயே வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. பாட்டிலுக்கு ஆகிற காசைக் கூலியிலேயே சேர்த்துக் கொடுத்துவிடுவேன். இதனால் ரெண்டு மூணு பேர் வராமல் போனார்கள். வருகிறவர்களில் பாதி பேர் அந்தக் காசை வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள் என்று அவர்கள் வீட்டுக்காரம்மாக்களே சொல்லியிருக்கிறார்கள். பாதிதான். ஆனால் சின்னப் பையன் ஒருத்தன் வேலைக்கு வந்த முதல் நாளே பெரியவர்களோடு உட்கார்ந்து முதல் மூடியைத் திறக்கிற இடம் எங்க தோட்டமாக இருக்காது.

முழு மதுவிலக்கு வேண்டுமா என்று கேட்டால், 23 வருசம் இருந்து பார்த்த மண் இது. அதன் நல்லதும் தெரியும், அதன் ஓட்டையும் தெரியும். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தவர்களை மறக்க முடியாது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்ட உயிர். டாஸ்மாக் கடை திறந்திருக்கும்போதே நடந்தது அது. குறைந்த காசில் போதை தேடுகிறவன் இருக்கும்வரை விஷமும் விற்கும். கடையை மூடினாலும் திறந்தாலும் அந்த ஆள் அங்கேயே நிற்கிறான். அந்த ஆள் ஒரே நாளில் உருவாகவில்லை. பதினைந்து பதினாறு வயசில் யாரோ ஊற்றிக் கொடுத்த முதல் டம்ளரில் இருந்து நடந்து வந்திருக்கிறான்.

அதனால் கள்ளைத் திறக்கச் சொல்கிற கூட்டத்திலும் டாஸ்மாக்கை மூடச் சொல்கிற கூட்டத்திலும் நான் கேட்பது ஒன்றைத்தான். எதைச் செய்தாலும் பதினேழு வயசுப் பையனுக்கு அது எட்டாத மாதிரி செய்யுங்கள். கள்ளுக்கடை திறந்தாலும் 21 வயசு விதி அங்கேயும் இருக்கட்டும், எழுத்தில் மட்டும் இல்லாமல். ராஜாஜி ஒரு ஜில்லாவை எடுத்து, செய்து பார்த்து, அதன் பலனை அளந்தும் பார்த்தார். இன்றைக்கு அதே மாதிரி ஒரு மாவட்டத்தில் வயசுச் சான்று இல்லாமல் விற்பனையே கிடையாது என்று அஞ்சு வருசம் கறாராக நடத்தி, பள்ளிக்கூடப் பையன்களிடம் என்ன மாறியது என்று ஒரு பல்கலைக்கழகம் அளந்து பார்க்கலாம். வருமானம் கொஞ்சம் குறையும். குறைகிற அந்தக் காசு பிள்ளைகளிடம் இருந்து வந்துகொண்டிருந்த காசு என்பது அப்போது தெரியும்.

அடுத்த தடவை எங்க தோட்டத்துக்கு வருகிறவர்கள் மாசி, பங்குனியில் வாருங்கள். பொழுது கிளம்புவதற்கு முன்னால் வந்தால் சுண்ணாம்பு தடவின முட்டியில் இறக்கின தெளுவு கிடைக்கும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்களும் குடிக்கலாம்.